மதிய இடைவேளை: ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலைகளில் வயிற்றுவலி. வகுப்பாசிரியர் பள்ளி ஆலோசகரான எனக்குக் கொடுத்தனுப்பிய சீட்டில் எழுதியிருந்த காரணம் இது மட்டும்தான். மருத்துவர் பார்த்துவிட்டு உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். மாணவிக்கு வயது 11. நடுநிலைப் பள்ளியில் முதல் ஆண்டு. மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. "நல்ல பெண், தொந்தரவே கிடையாது" என்று எல்லா ஆசிரியர்களும் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்படும் பிள்ளைகளைத்தான் பள்ளி கடைசியாகக் கவனிக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஒரு பிள்ளையின் கதை அல்ல. ஆறாம் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைமைகளைச் சேர்த்து ஒரே மாணவியாக எழுதியிருக்கிறேன். யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

பின்னணி

ஐந்தாம் வகுப்பு வரை சிறிய பள்ளி. வகுப்புக்கு ஒரே பிரிவு, காலையிலிருந்து மாலை வரை ஒரே டீச்சர். மழலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அதே தோழிதான் ஐந்தாம் வகுப்பிலும் பக்கத்தில். இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டு இருந்தது. எறும்பு, வண்டு, தும்பி என்று கண்ணில் பட்ட பூச்சிகளை எல்லாம் மாணவி வரைவாள், தோழி பெயரையும் குறிப்பையும் எழுதுவாள்.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளி. ஐந்து பிரிவுகள், பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடித்தால் அறை மாற வேண்டும். இரண்டு பேரும் ஒரே பிரிவில் விழுந்ததால் இரண்டு வீட்டாரும் நிம்மதியாக இருந்தார்கள். சில வாரங்களிலேயே தோழிக்கு வேறு நான்கு பேரோடு சேர்க்கை ஏற்பட்டது. முதலில் மாணவியும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் பூச்சி நோட்டை எடுத்தபோது ஒரு பெண், "இன்னும் இதெல்லாமா பண்றீங்க? சின்னப் பசங்க மாதிரி" என்றாள். தோழி சிரித்தாள். நோட்டு அன்றைக்குப் பையின் அடிக்குப் போனது, அப்புறம் வீட்டு அலமாரிக்குப் போனது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் மாணவி மளமளவென்று வளர்ந்திருந்தாள். வகுப்பில் பையன்கள் உட்பட எல்லாரையும்விட உயரம். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியின் வேகம் உச்சத்துக்கு வருவது சுமார் 12 வயதில், பையன்களுக்குச் சுமார் 14 வயதில். ஆக, ஆறாம் வகுப்பில் ஒரு பெண் எல்லாரையும்விட உயரமாக நிற்பது இயற்கையாக நடப்பதுதான். அந்தப் பெண்ணிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவள் தோளைக் குறுக்கி, பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதல் சந்திப்புகள்

"ஸ்கூல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் "நல்லா இருக்கு மிஸ்" என்பார்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வியிலிருந்து எதுவும் வராது. அதனால் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, பள்ளியின் வரைபடத்தைப் போடச் சொன்னேன். எந்த இடத்தில் உடம்பு இறுகுகிறதோ அங்கே சிவப்பு, எங்கே மூச்சு சாதாரணமாக வருகிறதோ அங்கே பச்சை.

நன்றாக வரையக்கூடிய பெண் என்பதால் படம் விவரமாகவே வந்தது. வகுப்பறை முழுவதும் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்த வகுப்பாசிரியருக்கு அது ஆச்சரியம். பாடம் நடக்கும்போது வகுப்பறை பச்சை. நூலகம் பச்சை. அறிவியல் ஆய்வகம் அடர்பச்சை. சிவப்பு இருந்த இடங்கள் மூன்றே. இரண்டு பீரியடுக்கு நடுவில் வரும் நடைபாதை, விளையாட்டு மைதானத்தில் அணி பிரிக்கும் மூலை, மதிய உணவு சாப்பிடும் இடம். அந்தக் கடைசி இடத்தில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தித் தீட்டியிருந்தாள்.

"சாப்பிடுற நேரத்துல எங்க உட்காருவே?"

"பாத்ரூம் பக்கத்துல நின்னுட்டு இருப்பேன் மிஸ். கூட்டம் குறைஞ்சதும் வந்து சாப்பிடுவேன். சில நாள் சாப்பிட மாட்டேன்."

பள்ளிக்கு வரவே இந்தப் பெண்ணுக்குப் பயம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவளுக்குப் பயம் யாருடைய மேற்பார்வையும் இல்லாத அந்த அரை மணி நேரம்தான். பாடவேளையில் எங்கே உட்கார வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். இடைவேளையில் அதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும், அதுவும் எல்லாரும் பார்க்கும்போது. நட்பு விஷயத்தில் சங்கடப்படும் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?" என்பதுதான். அதையும் தினமும் கேட்கக் கூடாது.

கேலியும் பிரிவும்

அடுத்து, வகுப்பாசிரியரும் நானும் நடந்தவற்றை இரண்டாகப் பிரித்தோம். இந்த வேலையைச் செய்யாமல் பள்ளிகள் எடுக்கும் நடவடிக்கைகள் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் விழுகின்றன.

பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர் டான் ஓல்வியஸ். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. தோழி வேறு கூட்டத்துக்குப் போனதில் இவை இல்லை. அது வலிக்கும், ஆனால் குற்றம் அல்ல. யாரோடு சேர வேண்டும் என்று 11 வயதுப் பெண்ணுக்கு உத்தரவு போட யாருக்கும் உரிமையும் கிடையாது.

ஆனால் வகுப்பு போட்டோ விஷயம் வேறு மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், வாட்ஸ்ஆப் குழுவில் வகுப்பு போட்டோவைப் போட்டு மாணவியின் தலைக்கு மேல் "கொடிக்கம்பம்" என்று எழுதியிருந்தாள். மாணவி அந்தக் குழுவில் இல்லை. இருந்தும் அந்தப் பெயர் நடைபாதையில் வாரக்கணக்கில் அவளைத் துரத்தியது. மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் இதில் இருந்தன. ஆகவே இதை மாணவியின் பொறுப்பில் விடவில்லை. "கண்டுக்காதே" என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் அந்தப் பெண்ணையும் அவள் பெற்றோரையும் தனியாக அழைத்துப் பேசினார், படம் அழிக்கப்பட்டது, அறை மாறும் நேரத்தில் ஒரு ஆசிரியர் நடைபாதையில் நிற்க ஏற்பாடானது. கேலி மெல்ல மெல்ல அடங்கியது. வகுப்பு முழுவதையும் உட்காரவைத்துப் பெயர் சொல்லாமல் அறிவுரை கூறும் வழக்கமான முறையை வேண்டாம் என்று தவிர்த்தோம். யாரைப் பற்றிய பேச்சு என்பது முதல் வரியிலேயே எல்லாருக்கும் புரிந்துவிடும், கேலிக்கு ஆளான பிள்ளை இன்னொரு முறை வெளிச்சத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் கேள்வி

அம்மா மிகவும் கலங்கிப்போயிருந்தார். "அவ அம்மாகிட்ட நானே போன் பண்ணிப் பேசட்டுமா மேடம்? சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தவ" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். அம்மாக்கள் பேசித் திரும்பி வரும் தோழி கட்டாயத்தில்தான் வருவாள். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

"இதுக்கெல்லாமா வயித்துவலி வரும்?" என்பது அவருடைய இன்னொரு கேள்வி. 2003இல் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், கிப்ளிங் வில்லியம்ஸ் மூவரும் செய்த ஆய்வை அவரிடம் சொன்னேன். கணினியில் மூன்று பேர் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடுவது போன்ற எளிய விளையாட்டு. ஒரு கட்டத்துக்குப் பிறகு மற்ற இருவரும் ஆய்வில் கலந்துகொள்பவருக்குப் பந்தைப் போடுவதே இல்லை. அப்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி, ஒதுக்கப்பட்டபோதும் கூடுதலாக இயங்கியது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு விளையாட்டில் பந்து போடாததற்கே இப்படி என்றால், கூடவே வளர்ந்த தோழி விலகினால் வயிறு வலிப்பதில் நடிப்பு எதுவும் இல்லை.

வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தினமும் மாலையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம் அலசிக்கொண்டிருந்தார்கள். அன்பால் நடப்பதுதான், ஆனாலும் புண் ஆறவிடாமல் கிளறுவதாக முடிந்தது. நெருங்கியவர்கள் இப்படிக் கவலையையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால் நெருக்கம் கூடும், ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே கூடக்கூடும் என்று உளவியல் ஆய்வாளர் அமாண்டா ரோஸ் 2002இலிருந்து பிள்ளைகளின் நட்பை வைத்து எழுதியிருக்கிறார். அம்மா ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொண்டார். மகள் பேச வந்தால், "நான் கேட்டுக்கணுமா, யோசனை சொல்லணுமா?" என்று முதலில் கேட்பார். பெரும்பாலும் "கேட்டா போதும்மா" என்றுதான் பதில் வந்ததாம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இருவரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

அவள் தனக்கே சொல்லிக்கொண்ட காரணம்

இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் நடந்ததையும் வலது பக்கம் அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட முடிவையும் எழுதச் சொன்னேன். "அவ என் பக்கத்துல உட்காரல" என்பதற்கு எதிரே "நான் போர்." "புராஜெக்ட்ல இடம் இல்லன்னு சொன்னாங்க" என்பதற்கு எதிரே "என்னை யாருக்கும் பிடிக்காது." "போட்டோவுல பெயர் வச்சாங்க" என்பதற்கு எதிரே "நான் அசிங்கமா இருக்கேன்."

இடது பக்கம் முழுக்க வேறு வேறு சம்பவங்கள். வலது பக்கம் முழுக்க ஒரே ஆள்.

சாண்ட்ரா கிரகாமும் யானா யூவோனனும் 1998இல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்த வலது பக்கத்தைப் பற்றியதுதான். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளில் சிலர் "அந்த நேரத்தில் நான் அங்கே போயிருக்கக் கூடாது" என்று நினைக்கிறார்கள். சிலர் "நான் இப்படிப்பட்டவள், அதனால்தான்" என்று நினைக்கிறார்கள். தனிமையும் பதற்றமும் தன்மதிப்புக் குறைவும் இந்த இரண்டாவது வகை எண்ணத்தோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தன. போன இடத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தன்னையே காரணமாக்கிவிட்ட பிள்ளைக்கு மாற்ற எதுவும் மிச்சம் இல்லை.

அதனால்தான் "நீ அழகா இருக்கே, யார் என்ன சொன்னா என்ன" என்று அம்மா சொன்னது பலிக்கவில்லை. பாராட்டும் அந்த வலது பக்கத்துக்குத்தான் போகிறது, அங்கே ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நாங்கள் செய்தது வேறு. ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, தன்னைச் சேர்க்காமல் வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று அவளையே எழுதச் சொன்னேன். தோழிக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடைக்காது என்று பயமாக இருக்கலாம். புராஜெக்டுக்கு ஐந்து பேர்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெயர் வைத்த பெண் எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். இவை எல்லாமே உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. காரணம் ஒன்றுக்கு மேற்பட்டது இருக்கலாம் என்ற இடைவெளி கிடைத்தாலே மூச்சு விட முடிகிறது.

எண்கள் சிலவும் உதவின. கலிஃபோர்னியாவில் 26 நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பிள்ளைகளை யூவோனன் குழு தொடர்ந்து பார்த்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறாம் வகுப்பின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் நண்பர்கள் மாறியிருந்தார்கள். இதைச் சொன்னபோது, "அப்போ எங்க கிளாஸ்ல எத்தனை பேருக்கு மிஸ்?" என்று கேட்டு அவளே கணக்குப் போட்டாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்களுடைய ஆறாம் வகுப்பு அனுபவத்தைப் பெயரில்லாமல் எழுதி வாங்கி, படிக்கக் கொடுத்தோம். இந்த யோசனைக்கு நல்ல அடிப்படை உண்டு. ஜெஃப்ரி போர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 நடுநிலைப் பள்ளிகளின் 1,304 ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படித்துவிட்டுத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதும் சிறு பயிற்சி, அவ்வளவுதான். ஒழுங்கு மீறல் சம்பவங்கள் 34 சதவீதமும் தோல்வி மதிப்பெண்கள் 18 சதவீதமும் குறைந்தன. செலவே இல்லாத இப்படி ஒரு வேலையைப் பள்ளிகள் ஏன் எல்லா ஆண்டும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இரண்டு நிறக் காலுறை

உயரம் மட்டும் விடவில்லை. "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க மிஸ்." உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். பதின்பருவத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு, தான் எப்போதும் ஒரு மேடையில் இருப்பதாகத் தோன்றும். 2000இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையில், சங்கடமான படம் போட்ட சட்டையை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

பூச்சிகளைக் கவனித்துப் பழகிய பெண், இதைத் தானும் சோதித்துப் பார்க்கிறேன் என்றாள். ஒரு காலில் வெள்ளை, மறு காலில் சாம்பல் நிறக் காலுறை போட்டுக்கொண்டு ஒருநாள் முழுக்கத் திரிந்தாள். மாலையில் முடிவைச் சொல்ல ஓடி வந்தாள். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் விளையாட்டு ஆசிரியர். "உயரம் வேற, காலுறை வேற மிஸ், உயரம் தெரியும்தான்" என்றும் அவளே சொன்னாள். சரியான பேச்சு. உயரம் தெரியும்தான், ஆனால் நாள் முழுவதும் யாரும் அதையே நினைத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை தானாகக் கண்டு சொல்வது பத்து அறிவுரைகளுக்கு மேல்.

ஒரே ஒருத்தி

முதலில் உன்னை நீ நேசி, நண்பர்கள் தானாக வருவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 11 வயதில் வரிசை பெரும்பாலும் மாறித்தான் இருக்கிறது. தன்னை மாற்றிக்கொள்ளாமல் உட்கார ஒருவர் பக்கத்தில் இடம் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான், நான் இப்படி இருந்தால் தப்பில்லை என்ற எண்ணம் முளைக்கிறது. கூட்டம் தேவையில்லை, ஒருவர் போதும். எர்னஸ்ட் ஹாட்ஜஸும் மற்றவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்த பிள்ளைகளுக்கு, கேலியால் பிரச்சினைகளும் பிரச்சினைகளால் மேலும் கேலியும் வளரும் சுழற்சி தளர்ந்திருந்தது.

வரைபடத்தின் பச்சை இடங்களிலிருந்து தொடங்கினோம். நூலகர் மதிய இடைவேளையில் புத்தகம் அடுக்க உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அங்கே வேறு பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் தினமும் வந்து, இல்லாத ஊர்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி, பிரெண்ட்ஸ் ஆகுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வகச் சுவருக்கு ஒரு பூச்சிப் படம் வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர் இருவரிடமும் வேலையைக் கொடுத்தார். எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் ஊமையாகிவிடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளில் வேலை செய்தால் பேச்சு தானாக வரும். ஆரம்பத்தில் பென்சில் கேட்டதைத் தவிர இருவரும் பேசவில்லை. பிறகு ஒருநாள், "வேலைக்கார எறும்பு எல்லாமே பொண்ணுதான், தெரியுமா?" என்று மாணவி சொல்ல, மற்றவள் தன் கற்பனை ஊருக்குள் ஒரு எறும்பு நகரத்தைச் சேர்த்துவிட்டாள். அந்த வாரமே பழைய நோட்டு அலமாரியிலிருந்து பைக்கு வந்தது.

ஆண்டு முடிவில்

திங்கட்கிழமை வயிற்றுவலி ஏறக்குறைய நின்றுவிட்டது, தேர்வு வாரத்தில் மட்டும் எட்டிப் பார்த்தது. மதியம் சாப்பிடுகிறாள். விளையாட்டு மைதானத்தின் மூலை இன்னும் சிவப்புதான். அணித் தலைவர்களே ஆள் பொறுக்கும் முறையை விட்டு, எண் சொல்லி அணி பிரிக்குமாறு விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம். சில நாள் செய்கிறார், சில நாள் மறந்துவிடுகிறார். போட்டோ எடுக்கும்போது அவள் இப்போதும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறாள். பழைய தோழியோடு நட்பு திரும்பவில்லை. பார்த்தால் சிரித்துக்கொள்கிறார்கள். ஆய்வகச் சுவரில் படத்தைப் பார்த்த தோழி, "தும்பியோட இறக்கை சூப்பர்" என்றாளாம். "அவளுக்கு ஞாபகம் இருக்கு மிஸ்" என்று மாணவி சொன்னபோது குரலில் வருத்தமும் இருந்தது, ஆனால் அழவில்லை.

பள்ளிக்கு நான் எழுதிக்கொடுத்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை மாணவியைப் பற்றியவை அல்ல. 1987இல் ராபர்ட்டா சிம்மன்ஸும் டேல் பிளித்தும், சிறிய பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு மாறிய பெண் பிள்ளைகளின் தன்மதிப்பு, பழைய பள்ளியிலேயே தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் சரிந்திருந்ததைக் காட்டினார்கள். ஜாக்குலின் எக்கிள்ஸும் கேரல் மிட்க்லியும் 1989இல் அதற்கான காரணத்தைப் பள்ளியின் அமைப்பில் தேடினார்கள். நெருக்கமான பெரியவரும் நண்பர்களும் மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில்தான் பள்ளி ஆசிரியர்களைப் பிரித்துக்கொடுத்து நண்பர்களையும் கலைத்துவிடுகிறது. ஆகவே, ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் குழு வேலைக்கு "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று சொல்லாமல் ஆசிரியரே பிரித்துத் தர வேண்டும், மதிய உணவுக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். முதலாவது அடுத்த ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. இரண்டாவதற்கு இடப்பற்றாக்குறை என்று பதில் வந்திருக்கிறது, அதை நான் விடுவதாக இல்லை.

ஏழாம் வகுப்புக்குப் பிரிவுகளைக் கலைத்து மாற்றியமைப்பது இந்தப் பள்ளியின் வழக்கம். கலைப்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு இருக்க வேண்டும் என்று நினைக்கும் மூன்று பேரின் பெயரை ரகசியமாக எழுதித் தர வேண்டும், அதில் ஒருவராவது அந்தப் பிள்ளையின் பிரிவில் இருக்கும்படி பட்டியல் போட வேண்டும் என்று கேட்டோம். தலைமை ஆசிரியர் சம்மதித்தார். மாணவி மூன்று கோடுகளில் ஒன்றை மட்டும் நிரப்பித் தந்தாள். மற்ற இரண்டும் காலியாக இருக்கிறதே என்று வகுப்பாசிரியர் கேட்டதற்கு, "இது போதும் டீச்சர்" என்றாள். பட்டியல் வந்தபோது இருவரும் ஒரே பிரிவில் இருந்தார்கள்.